பதினான்கு பேரா, பத்தே முக்கால் பேரா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் நிர்வாகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். டியூட்டி போடுவது, சம்பளப் பட்டியல் எழுதுவது, லீவு போட்டவருக்கு மாற்று ஆள் பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. எங்களோடு முழுநேரம் வேலை பார்த்த ஒரு பெண் சித்திரையில் கல்யாணமாகி விழுப்புரம் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்டேன். லேபை நடத்தும் டாக்டர் நிதானமாகத்தான் கேட்டார்: "பதினாலு பேர் இருக்கீங்களேம்மா, அது போதாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வருகைப் பதிவேட்டில் பதினான்கு பெயர் இருக்கிறது. ஆனால் அதே வாரம் திங்கட்கிழமை காலையில், தேவனாம்பட்டினத்திலிருந்து வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெரியம்மா நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்காரர். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான். ரத்தம் எடுக்க அவர் முறை வருவதற்குள் கண் இருட்டி நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். உடனே படுக்கவைத்துச் சர்க்கரை அளவு பார்த்து, இனிப்பு கொடுத்துத் தெளியவைத்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பதினான்கு பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஒருவர் காத்திருக்க நேர்ந்தது என் மனசை விட்டுப் போகவில்லை.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. போனவருக்குப் பதில் ஒரு முழுநேர ஆள் எடுப்பது. இரண்டு பகுதிநேர ஆட்களை எடுப்பது. யாரையும் எடுக்காமல் டியூட்டி நேரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. எது சரி என்று சொல்ல வேண்டுமானால் இப்போது நம்மிடம் எவ்வளவு ஆள்பலம் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதை அளக்க நான்கு வழிகள் உண்டு. நான்கையும் எங்கள் லேபுக்கே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு வேறு பதில் சொன்னது.

முதல் வழி தலைக்கணக்கு. எட்டுப் பேர் முழுநேரம், ஆறு பேர் பகுதிநேரம், ஆக 14. இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன், ஏனென்றால் சட்டம் தலையைத்தான் எண்ணுகிறது. இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) கட்டாயமாக 10 பேர், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயமாக 20 பேர் இருக்க வேண்டும் என்கிறபோது, பகுதிநேரத்தில் வருகிறவரும் அங்கே ஒரு முழு ஆள். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்ளகக் குழு பத்துப் பேர் இருந்தாலே வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தினக்கூலியாக வந்தாலும் அந்தக் கணக்கில் சேர்த்தி. சட்டத்தை விட்டுத் தள்ளினாலும் தலைக்கணக்கு இல்லாமல் முடியாத விஷயங்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கின்றன. ரத்தத்தைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டும். அரை நாள் வருகிறவருக்கு ஒன்றரைத் தவணை போதும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வேலை எவ்வளவு நடக்கும் என்று கேட்டால் தலைக்கணக்கு எதுவும் சொல்லாது. எட்டு மணி நேரம் இருப்பவரும் மூன்று மணி நேரம் இருப்பவரும் அதில் ஒன்றுதான்.

இரண்டாவது வழி முழுநேரச் சமானம். பெரிய கம்பெனிகளில் எஃப்.டி.இ. என்பார்கள். எல்லோருடைய வார மணி நேரத்தையும் கூட்டி, ஒரு முழுநேர ஆளின் வார மணி நேரத்தால் வகுப்பது, அவ்வளவுதான். எங்களிடம் முழுநேரம் எட்டுப் பேர், ஆளுக்கு 48 மணி நேரம், ஆக 384. காலையில் நான்கு மணி நேரம் வருகிற நான்கு பேருக்கு ஆறு நாளில் 96. சாயங்காலம் மூன்று மணி நேரம் வருகிற இரண்டு பேருக்கு 36. கூட்டினால் 516. அதை 48 ஆல் வகுத்தால் 10.75. அதாவது பதினான்கு பேராகத் தெரிகிற நாங்கள் உண்மையில் பத்தே முக்கால் பேர். இதை டாக்டரிடம் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். அதற்காகவே இந்த முறைக்கு நன்றி சொல்வேன்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது வகுக்கும் எண். இணையத்தில் கிடைக்கிற எக்செல் படிவங்களில் பெரும்பாலும் 40 இருக்கும். அமெரிக்காவில் வாரத்துக்கு 40, ஆண்டுக்கு 2,080 என்று வைத்துக்கொள்வதால் வந்தது அது. அந்த நாட்டிலேயே மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு மட்டும் வாரம் 30 மணி நேரம் வந்தாலே முழுநேரம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 37.5. பிரான்சில் சட்டப்படி 35. எங்கள் 516ஐ 40 ஆல் வகுத்தால் 12.9 வரும். 35 ஆல் வகுத்தால் 14.7, தலைக்கணக்கையே தாண்டிவிடும்! ஒரே லேப், அதே ஆட்கள். ஆகவே யாராவது எஃப்.டி.இ. எண் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் முதலில் எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

நம் ஊரில் 48 என்பது எட்டு மணி நேரம், ஆறு நாள். இந்த எட்டு சும்மா வந்ததில்லை என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்துப் புதுச்சேரியில் அதை ரத்தம் சிந்தி வாங்கினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1937இல், அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. இந்த வகுக்கும் எண்ணை எழுதும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம் இருத்திவிட்டு "எட்டுதான்" என்று கணக்கில் எழுதுகிற பழக்கம் இன்னமும் பல இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதினால் அளவும் பொய், அந்தப் பன்னிரண்டு பேருக்குச் செய்கிற மரியாதையும் பொய்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) விஷயமும் இப்படித்தான். இரண்டு முழுநேரத்தவர் வாரம் ஐந்தைந்து மணி நேரம் கூடுதலாக இருந்தால் மொத்தம் 526 ஆகி, சமானம் 10.96 என்று உயர்ந்து காட்டும். பார்ப்பவர்களுக்கு ஆள்பலம் ஏறியதுபோல் இருக்கும். உண்மையில் ஆள் பற்றாமல் இருக்கிறவர்கள் களைத்துப் போகிறார்கள், நாம் இரட்டைக் கூலியும் கொடுக்கிறோம். ஓ.டி. நேரத்தைத் தனி வரியில் எழுதுங்கள், சமானத்தில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, இது கணக்குக்கு வெளியே. பகுதிநேரத்தில் வருகிறவரை "அவங்க அரை ஆள்" என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். அவர் வேலை செய்யும் நேரம் பாதி, ஆள் முழுசு. லீவு கேட்டாலும், பிறந்தநாள் கேக் வெட்டினாலும், தப்பு நடந்து விசாரித்தாலும் அவர் முழு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். பதிவேட்டில் இருக்கிற மணி நேரம் வேறு, கைக்குக் கிடைக்கிற மணி நேரம் வேறு. ஒரு முழுநேர ஆளுக்கு ஆண்டுக்கு 52 வாரம், வாரம் 48 என்றால் 2,496 மணி நேரம். அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். ஞாயிறு போனால் 313 நாள். குடியரசு தினம், மே தினம், பொங்கல் என்று எங்களுக்கு 9 நாள் விடுமுறை. சராசரியாக ஆளுக்கு 24 நாள் லீவு எடுக்கிறார்கள். மிச்சம் 280 நாள். ஒரு நாளின் எட்டு மணி நேரத்திலும் (மத்தியானச் சாப்பாட்டு நேரம் இதில் சேர்த்தியில்லை) காலையில் மெஷினைத் தயார் செய்து கன்ட்ரோல் ஓட்டுவது (மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று அளவு தெரிந்த சாம்பிளை வைத்துப் பார்ப்பது), ரெண்டு டீ, சுத்தம் செய்வது என்று ஒரு மணி நேரம் போய்விடும். ஏழு மணி நேரம் வைத்தால் 1,960. பதிவேட்டுக் கணக்கில் 78 சதவீதம்தான் நோயாளிக்குக் கிடைக்கிறது.

காலை நான்கு மணி நேரம் வருகிறவருக்குப் பதிவேட்டுக் கணக்கு 1,248. அவர் எடுப்பது 12 நாள் லீவு. சொந்த வேலைகளை மீதி நேரத்தில் முடித்துக்கொள்கிறார். 292 நாள் வருகிறார். நான்கு மணி நேரத்தில் கால் மணி நேரம்தான் வேறு வேலைக்குப் போகிறது. 292ஐ 3.75 ஆல் பெருக்கினால் 1,095, கிட்டத்தட்ட 88 சதவீதம். அப்படியானால் இரண்டு பகுதிநேர ஆட்கள் சேர்ந்து 2,190 மணி நேரம் தருகிறார்கள். ஒரு முழுநேர ஆள் தருவது 1,960. சமானக் கணக்கில் இரண்டும் ஒன்று, கைக்குக் கிடைப்பதில் ஆண்டுக்கு 230 மணி நேர வித்தியாசம். எங்கள் காலைப் பெண்களில் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அக்கா, நான் நாலு மணி நேரந்தான் வர்றேன். ஆனா அந்த நாலு மணி நேரமும் உக்காரவே இல்ல." அவர் சொன்னதைத்தான் இந்த எண் சொல்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு "முழுநேரத்தவர் சும்மா இருக்கிறார்கள்" என்று முடிவு கட்டினால் பெரிய அநியாயம். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, மற்றவர்கள் வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருப்பதற்காக அவர்கள் செய்கிற வேலை. அது நடக்காவிட்டால் பகுதிநேரத்தவரின் 3.75 மணி நேரமும் இருக்காது. அந்த அரை மணி நேரத்தை அவர்கள் பேருக்கே வரவு வைத்தால், 280 நாளைக்கு 140 மணி நேரம். முழுநேர ஆளின் கணக்கு 2,100 ஆகிவிடும். வித்தியாசம் 90 மணி நேரமாகக் குறைந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேருக்குப் பயிற்சி, பரீட்சை மாதத்தில் படிக்கிறவர்கள் வராமல் போவது, டியூட்டி மாறும்போது சொல்லிவிட்டுப் போகிற பத்து நிமிடம் இவற்றையும் பார்த்தால் ஒரு முழுநேர ஆளை எடுப்பதும் இரண்டு பகுதிநேர ஆட்களை எடுப்பதும் ஏறக்குறைய சமம்தான். இந்தக் கழித்தல் கணக்கை எல்லோரும் தங்கள் இடத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். என் சதவீதத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லீவுப் பதிவேட்டிலிருந்து எடுங்கள்.

ஆனாலும் பெரியம்மா ஏன் நாற்பது நிமிடம் உட்கார்ந்தார் என்ற கேள்விக்கு இந்த மூன்றில் எதுவும் பதில் சொல்லவில்லை. 516 மணி நேரம் இருக்கிறது, கழித்தது போக 400க்கு மேல் கைக்கு வருகிறது. ஒரு வாரத்து வேலைக்கு அது தாராளம்.

பதில் நான்காவது வழியில் கிடைத்தது. எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், அந்த மணி நேரத்தில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. இதற்கு மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. டோக்கன் புத்தகத்தை வைத்து இரண்டு வாரம் அரை மணிக்கு ஒரு கோடு போட்டு எண்ணினோம்.

லேபுக்கு வருகிற கூட்டம் சீராக வராது. ஃபாஸ்டிங் சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். அதனால் எல்லோரும் விடிந்ததும் வருகிறார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்பதால், ஏழு மணிக்கு வந்தவர் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குத் திரும்ப வந்து நிற்பார். ஆக ஒரு அலை வந்தால் அதுவே இரண்டரை மணி நேரம் கழித்து இன்னொரு அலையாக வரும். திங்கட்கிழமை இரண்டும் பெருகும். காலை ஏழு முதல் எட்டு வரை சராசரி 34 பேர். மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் ஒருவரும் இல்லை, உள்ளே ஐந்து பேர் இருக்கிறோம்.

ஒருவருக்கு ரத்தம் எடுக்க, பெயர் சரிபார்த்து, ட்யூபில் ஒட்டி, பதிவு செய்து முடிக்க ஆறு நிமிடம். ஒரு நாற்காலிக்கு மணிக்குப் பத்துப் பேர். முழுநேரத்தவர் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். ஏழு மணிக்கு இருப்பது காலைப் பகுதிநேரத்தவர் நான்கு பேர். அதில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம், செம்மண்டலம் என்று வீடுகளுக்குப் போய் எடுக்கிறார். நாற்காலியில் மூன்று பேர். மணிக்கு 30 பேரை முடிக்கிற இடத்துக்கு 34 பேர் வந்தால் எப்படி? பதினான்கு என்றாலும் பத்தே முக்கால் என்றாலும், அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

சரி, 34க்கு மூன்றரை ஆள் போதுமே என்று கேட்கலாம். போதாது. இதை 1909இலேயே கோபன்ஹேகனில் எர்லாங் என்ற டென்மார்க்காரர் தொலைபேசி இணைப்பகத்துக்காகக் கணக்குப் போட்டு ஆரம்பித்து வைத்தார். அவர் வழியில் வந்த கணக்கில் மிக எளியதைப் பாருங்கள்: ஒரே நாற்காலி, ஆளுக்குச் சராசரி ஆறு நிமிடம், மக்கள் முன்பின்னாக வருகிறார்கள். நாற்காலி நேரத்தில் 80 சதவீதம் வேலை இருந்தால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். 90 சதவீதம் என்றால் 54 நிமிடம். 95 ஆனால் 114 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம். ஒரே வரிசைக்கு நான்கைந்து நாற்காலிகள் இருந்தால் இது நன்றாகக் குறையும். ஆனாலும் நூறை நெருங்க நெருங்கச் சட்டென்று எகிறும் குணம் மாறாது. ஆகவே மணிக்கு எட்டுப் பேர் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 34க்கு நாலே கால் நாற்காலி. மற்ற நாட்களில் நான்கு போதும், திங்கட்கிழமை ஐந்து வேண்டும். கை காலியாக இருக்கிற அந்த இரண்டு மூன்று நிமிடங்களை வீண் என்று நினைக்கிற முதலாளிகள் நிறையப் பேர். அந்த இடைவெளி இருப்பதால்தான் நரம்பு கிடைக்காத ஒரு தாத்தாவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடிகிறது, அழுகிற குழந்தையை இன்னொருவர் பிடித்துக்கொள்ள முடிகிறது.

இதோடு ஒட்டி ஐந்தாவதாக ஒன்றையும் சிலர் சொல்வார்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் என்று எண்ணி அதையே ஆள்பலமாக வைத்துக்கொள்வது. எங்கள் தொழிலுக்கு நான் இதை முற்றாக மறுக்கிறேன். மத்தியானம் யாரும் வராததற்கு அங்கே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? எண்ணிக்கைக்காக அவசரப்பட்டால் ஒருவர் ட்யூபில் இன்னொருவர் பெயர் ஒட்டிவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் இடங்களில் கிலோவுக்குக் கூலி என்கிறபோது இந்தக் கணக்கு அங்கே பொருந்தும், ஏனென்றால் கொட்டை காத்திருக்கும். மனிதர் வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருக்கக் கூடாது.

மற்ற தொழில்களுக்கு ஒரு வார்த்தை. லாரன்ஸ் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு மணி நேரத்தைவிட மாதம் முக்கியம். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்தைத் தனியாக அளந்தால் போதும். புதுச்சேரியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர் வெள்ளி முதல் ஞாயிறு வரை தனி, மற்ற நாள் தனி என்று இரண்டு கணக்கு போட வேண்டும். வங்கிக் கடனுக்கோ பட்ஜெட்டுக்கோ ஒரே ஒரு எண் கேட்கிறார்கள் என்றால் முழுநேரச் சமானத்தைக் கொடுத்துவிடலாம். அதற்கு அது நல்ல எண். ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வேலை ஓடுகிற அலுவலகம் என்றால் மூன்றாவது வழியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் முடிவு இதுதான். முழுநேர ஆளை எடுக்கவில்லை. அவர் தருகிற மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலியான மத்தியானத்தில் விழுந்திருக்கும். இரண்டு பகுதிநேர ஆட்களும் வேண்டாம். காலை ஆறரை முதல் பத்தரை வரை ஒருவர் மட்டும். அத்தோடு முழுநேரத்தில் ரத்தம் எடுக்கிற இரண்டு பேரில் ஒருவர் திங்கட்கிழமை மட்டும் எட்டுக்குப் பதில் ஆறரைக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடுவார். அதை இருவரும் வாரம் மாற்றி வாரம் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்குப் பேருந்து சரியாக அமையாததால் ஆட்டோ கட்டணத்தை லேப் கொடுக்கிறது. சமானக் கணக்கில் 10.75 இப்போது 11.25 ஆகியிருக்கிறது, போனவர் இருந்தபோது 11.75 இருந்தது. அரை ஆள் குறைவுதான், ஆனால் திங்கள் காலை ஏழு மணிக்கு நாற்காலியில் ஐந்து பேர்.

ஆள் கிடைப்பது சுலபமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு வர முடிகிறவர்கள் குறைவு. வேலை தெரிந்த பெண்கள் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு மேல் வரத் தயாராக இருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியதோ அவர்கள் அடுப்படியில் நிற்கிற அதே நேரம். ஆறு வாரம் தேடினோம். கடைசியில் வந்தவர் பத்தே முக்காலுக்கு இன்னொரு இடத்தில் வேலைக்குச் சேர்கிறவர். மணிக்கணக்கில் பார்த்தால் அவருக்கு முழுநேரத்தவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கிறோம், இ.எஸ்.ஐ.யும் உண்டு. பத்தரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட அவரை நிறுத்தி வைப்பதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அவர் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமை அதிகபட்சமாக ஒருவர் காத்திருந்தது 14 நிமிடம். ஐப்பசி மழை ஆரம்பித்தால் வெளியே வர முடியாதவர்கள் வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்வார்கள், வண்டியும் மெதுவாகத்தான் போகும். அப்போது நாற்காலியிலிருந்து இன்னொருவரை எடுக்க வேண்டியிருக்கும். டோக்கன் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணுகிற அந்த இரண்டு வாரத்தை ஐப்பசி முதல் வாரத்துக்கு இப்போதே டியூட்டிப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.